பல் டாக்டரும் பால் டம்ளரும்

எங்க ஊர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளை மிரட்டுறதுக்குன்னே மூணு பேரை வச்சிருக்கோம். பூச்சாண்டி, போலீஸ்காரர், டாக்டர். பூச்சாண்டியை இதுவரைக்கும் யாரும் நேர்ல பார்த்ததில்ல. பிள்ளை சோறு சாப்பிடலைன்னு எந்தப் போலீஸ்காரரும் வீடு தேடி வந்ததில்ல. டாக்டர் கதை அப்படியில்ல. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அவர்கிட்ட கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும். "அழுதேன்னா ஊசி போடச் சொல்லிருவேன்"னு மூணு வருஷமா சொல்லிட்டு, அன்னைக்கு மட்டும் "டாக்டர் ரொம்ப நல்லவங்கம்மா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க"ன்னா எந்தப் பிள்ளை நம்பும்?

எங்க அக்கா மகளுக்கு 5 வயசு. கடைவாய்ப் பல் நாலு சொத்தை. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. சோத்தை ஒரே பக்கமா ஒதுக்கி வச்சு மெல்லுவா. பல் டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போயும் வாயைத் திறக்கல. திறக்க வைக்கப் போன எங்க மச்சான் விரல்ல கடி வாங்குனதுதான் மிச்சம் :-)

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்துக்கிட்டு சொத்தைப் பல்லுன்னு சொன்னா கேக்குறவங்க முதல்ல பால்கோவாவைத்தான் குத்தம் சொல்லுவாங்க. புவிசார் குறியீடு வாங்குன எங்க ஊர் பால்கோவா மேல பழி போடுறது எனக்குப் பிடிக்கல. சீனி எந்த ரூபத்துல வந்தாலும் வாயில இருக்குற பாக்டீரியா அதைத் தின்னு அமிலமா மாத்துது. அந்த அமிலம் பல்லோட எனாமலைக் கரைக்குது. அப்புறம் எச்சில் ஊறி ஊறித்தான் அதைச் சரிபண்ணணும். அதுக்கு நேரம் வேணும். ஒரு உருண்டை பால்கோவாவை ஒரே தடவையில தின்னு வாயைக் கொப்புளிக்கிற பிள்ளையை விட, அரை மணி நேரத்துக்கு ஒரு பிஸ்கட்டுன்னு நாள் பூரா கொறிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம். எல்லாத்தையும் விட மோசம், சீனி போட்ட பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டே தூங்குறது. தூக்கத்துல எச்சில் ஊறுறது குறைஞ்சிரும். பால் பல்லுல தங்கி விடிய விடிய அரிக்கும். பாப்பா விஷயத்துல நடந்தது இதுதான்.

"பால் பல்லுதானே, தானா விழுந்திரப் போகுது"ன்னு சொல்ல தெருவுல பத்துப் பேர் இருந்தாங்க. பால் பல் மொத்தம் 20. முன்பல் 6, 7 வயசுல விழும், சரி. கடைவாய்ப் பால் பல் விழுறதுக்கு 10, 12 வயசு ஆயிரும். 5 வயசுப் பிள்ளையை இன்னும் அஞ்சாறு வருஷம் வலியோட வச்சிருக்க முடியுமா? அதுபோக, சீழ் பிடிச்சா அடியில வளர்ற நிரந்தரப் பல்லும் கெட்டுப் போகலாம்.

கடைசியில மதுரையில ஒரு குழந்தைகள் பல் மருத்துவரைப் பார்த்தோம். அவங்கதான் "செடேஷன் கொடுத்துப் பண்ணலாம், அதுக்கு மயக்க மருத்துவர் தனியா வருவார்"னு சொன்னாங்க. மயக்கம்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் எங்க அம்மா முகம் மாறிருச்சு. "சொத்தைப் பல்லுக்குப் போய் மயக்க மருந்தாடா?"ன்னு ஊர் வந்து சேர்ற வரைக்கும் புலம்பல்.

நான் மருத்துவ மாணவன் இல்ல. ஆனா வீட்ல படிக்கிற பையன்னு ஒருத்தன் இருந்தா எல்லா சந்தேகமும் அவன்கிட்டதான் வரும். அதனால உட்கார்ந்து படிச்சேன், டாக்டர்கிட்டயும் கேட்டேன்.

முதல் விஷயம், செடேஷன் வேற, முழு மயக்கம் வேற. லேசான செடேஷன்னா பிள்ளை முழிச்சுத்தான் இருக்கும், பயம் மட்டும் குறைஞ்சிரும். நடுத்தர செடேஷன்ல கண்ணு சொக்கும், ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டாலோ லேசாத் தட்டினாலோ பதில் வரும். அதுக்கும் மேல ஆழ்ந்த செடேஷன், கடைசியா முழு மயக்கம். இந்த நாலுக்கும் நடுவுல சுவர் எதுவும் கிடையாது. ஒரு படியில நிறுத்தணும்னு நினைச்சுக் கொடுத்த மருந்து, ஒரு பிள்ளையை அடுத்த படிக்கே இறக்கிடலாம். பக்கத்துலயே ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும்னு சொல்றது இதுக்காகத்தான்.

பாப்பாவுக்கு முடிவானது மிடாசோலம்ங்கிற மருந்தும், மூக்கு வழியா நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும். மருந்தை வாய் வழியாக் கொடுத்தா இருபது, முப்பது நிமிஷத்துல வேலை செய்யும். நடந்ததுல பாதி ஞாபகத்துலயே நிக்காது, அது இந்த மருந்தோட குணம். வாயுவை ஆக்சிஜனோட கலந்துதான் கொடுப்பாங்க, நிறுத்துனா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிரும்.

இந்த வாயுவுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அம்மாவுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். 1844 டிசம்பர் 10. அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டுங்கிற ஊர்ல காசு வாங்கிக்கிட்டு ஒரு வேடிக்கை காட்டுறாங்க. நைட்ரஸ் ஆக்சைடை உறிஞ்சினவங்க மேடையில சிரிச்சு ஆடுவாங்க, கூட்டம் ரசிக்கும். அப்படி ஆடுன ஒருத்தருக்குக் கால்ல நல்ல அடி. அவருக்கு அது தெரியவே இல்ல. கூட்டத்துல இருந்த ஹொரேஸ் வெல்ஸ்ங்கிற பல் டாக்டர் இதைக் கவனிச்சுட்டார். மறுநாளே அந்த வாயுவைத் தானே உறிஞ்சி, இன்னொரு பல் டாக்டரை வச்சுத் தன் பல்லையே பிடுங்கிக்கிட்டார். வலிக்கல. 1845-ல பாஸ்டன்ல மாணவர்கள் முன்னாடி செஞ்சு காட்டினப்போ நோயாளி கத்திட்டார், கூட்டம் கேலி பண்ணுச்சு. வெல்ஸ் ஒடிஞ்சு போயிட்டார். அவர்கிட்ட தொழில் பழகுன வில்லியம் மார்ட்டன்ங்கிற பல் டாக்டர், 1846 அக்டோபர் 16-ல அதே பாஸ்டன்ல ஈதர் கொடுத்து ஒரு அறுவை சிகிச்சையை வலியில்லாம நடத்திக் காட்டினார். இன்னைக்குப் பெரிய பெரிய ஆபரேஷனுக்கு எல்லாம் கொடுக்குற மயக்க மருந்துக்கு வழி போட்டுக் கொடுத்ததே பல் டாக்டருங்கதான். "சொத்தைப் பல்லுக்குப் போயா"ன்னு கேட்ட அம்மாவுக்கு இதுதான் என் பதில்.

அதுக்காக பயமே வேண்டாம்னு சொல்லிர முடியாது. 2015-ல கலிபோர்னியாவுல 6 வயசுப் பையன் ஒருத்தன் பல் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்தப்போ மூச்சு நின்னு இறந்து போனான். பல்லுல வேலை செஞ்சவரே மருந்தையும் பார்த்துக்கலாமாங்கிற கேள்வி அப்போ பெருசா எழுந்தது. மறுவருஷமே அந்த மாநிலம் அவன் பேர்ல ஒரு சட்டம் கொண்டு வந்தது. பிரிட்டன்ல 2002-ல இருந்தே பல்லுக்காக முழு மயக்கம் கொடுக்கணும்னா ஆஸ்பத்திரியிலதான் கொடுக்கணும், தனி கிளினிக்ல கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் குழந்தைப் பல் மருத்துவர்களும் சேர்ந்து போட்ட 2019 வழிகாட்டுதலும், ஆழ்ந்த செடேஷனுக்கும் முழு மயக்கத்துக்கும், பல்லைப் பார்க்குறவர் தவிர மயக்கத்தை மட்டும் பார்த்துக்க இன்னொருத்தர் வேணும்ங்குது. இந்த மாதிரி அசம்பாவிதம் ரொம்ப அபூர்வம். அபூர்வமாவே இருக்கணும்னா நாம கேக்க வேண்டியதைக் கேட்டுரணும்: மருந்து கொடுக்கப் போறது யார்? பல் வேலை நடக்கும்போது பிள்ளையோட மூச்சை யார் பார்த்துக்கிட்டு இருப்பாங்க? ஆக்சிஜன், சக்ஷன், பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லாம் அந்த ரூம்லயே இருக்கா? தெளியிற வரைக்கும் யார் கூட இருப்பாங்க? இதைக் கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாங்கன்னு நினைக்காதீங்க. எங்க டாக்டரம்மா கோவிச்சுக்கல. "இதை யாருமே கேக்க மாட்டேங்குறாங்க"ன்னுதான் சொன்னாங்க.

அவங்க பங்குக்கு எங்களைக் கேட்டதும் நிறைய. மருந்து எடைக்குத் தகுந்த அளவுங்கிறதால பாப்பாவை முதல்ல எடை மெஷின்ல ஏத்தினாங்க. நாங்க சொன்ன "பதினஞ்சு கிலோ இருப்பா" எடுபடல. ராத்திரி குறட்டை விடுவாளா, டான்சில் வீக்கம் உண்டா, வீசிங் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்காதா, குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா, நாட்டு மருந்து ஏதாவது கொடுக்குறீங்களா, ஆடுற பல் ஏதாவது இருக்கா... எல்லாத்துக்கும் பதில் வாங்கினாங்க. அதுக்கு நடுவுல சளி, காய்ச்சல் வந்தா மறைக்காம போன் பண்ணச் சொன்னாங்க. மூக்கடைச்சுக்கிட்டு இருந்தா வாயு உள்ளேயே போகாதாம். அதை விட, சளி இருக்கும்போது மூச்சுக் குழாய் லேசுல சிக்கல் பண்ணுமாம்.

அப்புறம் பட்டினி விதி. சிகிச்சை காலையில 10 மணிக்கு. சோறு, இட்லி, பிஸ்கட், பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்னாடியே நிறுத்திரணும். வெறும் தண்ணி மட்டும் 2 மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் கொடுக்கலாம். பேப்பர்ல எழுதியே கொடுத்தாங்க. அக்கா அதை ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சா.

அன்னைக்கு ஆறரை மணிக்குக் கார் ஏறினோம். ஒன்பதுக்கெல்லாம் மதுரையில இருக்கோம். மயக்க மருத்துவர் வந்தார். எங்க யாரையும் கேக்கல. பாப்பா முன்னாடி குனிஞ்சு, "இன்னைக்குக் காலையில என்ன குடிச்சீங்க?"ன்னார்.

"பால். அம்மாச்சி கொடுத்துச்சு."

எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். கிளம்புறதுக்கு முன்னாடி, ஆறு மணிக்கு, அடுப்படியில வச்சு அரை டம்ளர் பால். "வெறும் வயித்தோட எப்படிடா பிள்ளையை அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறது? சாப்பாடுதானே கொடுக்கக் கூடாதுன்னாங்க? பால் விரதத்துக்கே குடிக்கலாமே!"

யோசிச்சுப் பாருங்க, அம்மா சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. நம்ம ஊர் விரதத்துல பாலும் பழமும் சாப்பாட்டுக் கணக்குல வராது. வாழ்க்கை பூரா விரதம் இருந்து பழகுனவங்களுக்கு "ஒண்ணும் சாப்பிடக் கூடாது"ன்னா "பால் குடிக்கலாம்"னுதான் அர்த்தம். ஆஸ்பத்திரிக் கணக்கு வேற. பால் வயித்துக்குள்ள போனதும் திரிஞ்சு கட்டியாயிரும், செரிக்க நேரம் எடுக்கும். முழிச்சு இருக்கும்போது புரை ஏறினா இருமி வெளியே தள்ளிருவோம். மருந்து மயக்கத்துல அந்த இருமல் ஒழுங்கா வராது. வயித்துல இருக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. ஹார்லிக்ஸ், மோர், பால் காபி, கஞ்சி எதுவுமே தண்ணிக் கணக்குல சேராது. இன்னொரு பக்கம், தேவைக்கு மேல பட்டினி போடுறதும் தப்பு. எட்டு மணி வரைக்கும் தண்ணி குடிக்கலாம்னா குடிக்க வைக்கணும், இல்லாட்டி பிள்ளை வாடிரும். லேசான செடேஷனுக்கு வாயு மட்டும் கொடுத்தா விதி இவ்வளவு கறாரா இருக்காதாம். அதனால உங்க டாக்டர் என்ன சொல்றாரோ அதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது நம்ம பிள்ளைக்கு ஆகாது.

அன்னைக்குச் சிகிச்சை இல்ல. மதியத்துக்கு மேல அந்த மருத்துவருக்கு வேற இடத்துல ஆபரேஷன். அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க. கார் வாடகை, மச்சானோட ஒருநாள் லீவு எல்லாம் போச்சு. மச்சான் முகம் கடுகடுன்னு ஆச்சு, அம்மா கண்ணு கலங்கிருச்சு. அந்த மயக்க மருத்துவர் சொன்னதுதான் எனக்கு இன்னைக்கும் மனசுல நிக்குது. பாப்பா தலையைத் தடவி, "நீ உண்மையைச் சொன்னதாலதான் நான் ஒழுங்கா வேலை செய்ய முடியுது"ன்னார். அம்மாவைத் திட்டவும் இல்ல. "அம்மா, அடுத்த வாரம் காவல் உங்க பொறுப்பு"ன்னு மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாரம் உபயோகமாத்தான் போச்சு. முதல் தடவை பட்டினி விதியைப் படிச்ச நாங்க, பாப்பாவைத் தயார் பண்றதைப் பத்தி யோசிக்கவே இல்ல. டாக்டரம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்தாங்க. சொல்லு, காட்டு, செய். 1959-ல ஆடில்ஸ்டன்ங்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதிவச்ச முறையாம். என்ன செய்யப் போறோம்னு பிள்ளைக்குப் புரியுற வார்த்தையில சொல்லணும், அந்தப் பொருளைக் காட்டணும், சொன்னதை மட்டும் சொன்னபடி செய்யணும். இதுல முக்கியம் மூணாவதுதான். சொன்னதுக்கு மேல ஒண்ணு செஞ்சோம்னா அடுத்த தடவை வாய் திறக்காது.

ஒரு வாரம் முன்னாடியே சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம், ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு சொல்லவும் வேண்டாம், இந்த வயசுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொன்னாப் போதும்னாங்க. விளையாட்டை மட்டும் முன்னாடியே ஆரம்பிச்சோம். கொரோனா சமயத்துல வாங்கி அலமாரியில கிடந்த பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்தேன். முதல்ல என் விரல், அப்புறம் அம்மாச்சி விரல், அப்புறம் பாப்பா விரல். யாருக்கு எவ்வளவு நம்பர்னு போட்டி. ஒரு பேப்பர் கப்பை மூக்குல வச்சு, வாயை மூடி மூச்சு விடுற பயிற்சி. அதுல அவ பொம்மையும் சேர்ந்துக்கிச்சு. பொம்மைக்கும் சொத்தைப் பல்.

வார்த்தையிலயும் கவனமா இருந்தோம். "வலிக்கவே வலிக்காது"ன்னு யாரும் சொல்லல. அந்த வாக்கியத்துல பிள்ளை காதுல விழுறது "வலி" மட்டும்தான். "கொஞ்சம் கசப்பா ஒரு மருந்து தருவாங்க. அப்புறம் தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், மாமா பேசுறது கேட்டாலும் கேக்கும். பல்லைத் தூங்க வச்சுட்டு டாக்டர் சுத்தம் பண்ணுவாங்க. முடிஞ்சதும் அம்மா பக்கத்துல இருப்பா." அவ்வளவுதான். "ஊசி போடுவாங்களா?"ன்னு கேட்டா. அக்கா என்னைப் பார்த்தா. "பல்லைத் தூங்க வைக்க ஒண்ணு போடுவாங்க, அப்ப நீ சொக்கிப் போய் இருப்ப"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பொம்மைக்கும் போடணும்"ன்னு சொல்லிட்டு விளையாடப் போயிட்டா.

ரெண்டாவது தடவை வீட்ல நடந்த காவலைப் பார்த்திருக்கணும். முந்தின ராத்திரி இட்லி முடிஞ்சதும் அம்மா பால் பாத்திரம், பிஸ்கட் டின், பால்கோவா டப்பா எல்லாத்தையும் பக்கத்து வீட்ல கொண்டு போய்க் கொடுத்துட்டாங்க. காலையில யாரும் பாப்பா முன்னாடி காபி குடிக்கல. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கார்ல வச்சு அம்மாவே தண்ணி கொடுத்து, மணியையும் சத்தமாச் சொன்னாங்க. மருத்துவர் கேட்டப்போ பாப்பாவுக்கு முன்னாடி அம்மாதான் பதில் சொன்னாங்க, "எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது தண்ணி, வேற ஒண்ணும் இல்ல டாக்டர்!"

மருந்து கசந்தது, முகத்தைச் சுளிச்சா, முழுங்கிட்டா. இருபது நிமிஷத்துல அக்கா மடியிலயே சொக்கினா. அன்னைக்கு ஒரு பக்கம் ரெண்டு பல் முடிஞ்சது. மறுபக்கம் ரெண்டு வாரம் கழிச்சு. ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியதாச்சு, மீதி மூணுக்கும் சுத்தம் பண்ணி எவர்சில்வர் தொப்பி போட்டாங்க.

வெளியே வந்ததும் சிரிச்ச முகமா இருப்பான்னு எதிர்பார்க்காதீங்க. காரணமே இல்லாம அரை மணி நேரம் அழுதா. அது மருந்து இறங்குறப்ப வர்றதுதான்னு முன்னாடியே சொல்லியிருந்ததால நாங்க பதறல. உதடு மரத்துப் போயிருக்கிறப்ப பிள்ளைங்க அதைக் கடிச்சுப் புண்ணாக்கிக்குமாம், அதனால மரப்பு விடுற வரைக்கும் அக்கா கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டா. ஊர் திரும்ப 75 கிலோமீட்டர் பக்கம் ஓடணும். அதுக்குக் கூட ரெண்டு பெரியவங்க வேணும்னு ஆஸ்பத்திரியில கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஒருத்தர் வண்டி ஓட்ட, ஒருத்தர் பிள்ளையைப் பார்க்க. அரைத் தூக்கத்துல தலை முன்னாடி தொங்கினா மூச்சு அடைச்சுக்கும். பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போற நம்ம வழக்கம் அன்னைக்குக் கண்டிப்பா ஆகாது. வீட்டுக்கு வந்தும் முதல்ல தண்ணி, அப்புறம் ஆறுன கஞ்சி, அன்னைக்கு முழுக்க மாடிப்படி, சைக்கிள் கிடையாது.

படிச்சது, கேட்டது, பார்த்தது எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது ஒண்ணுதான். பிள்ளையைத் தயார் பண்றது ரெண்டு நாள் வேலை. வீட்டைத் தயார் பண்றதுதான் பெரிய வேலை. பாசத்துல ஒரு வாய் ஊட்டுற பாட்டி, தைரியம் சொல்றேன்னு பொய் சொல்ற மாமா, ஊசியைச் சொல்லி மிரட்டுற பக்கத்து வீட்டு அக்கா, இவங்க எல்லாருக்கும் விஷயத்தை விளக்கிச் சொல்லணும். அதுவும் காரணத்தோட சொல்லணும். "பால் கொடுக்காதீங்க"ன்னு மட்டும் சொன்னா அம்மாச்சிக்கு மனசு கேக்காது. பால் எங்க போய் என்ன பண்ணும்னு சொன்னா, அதே அம்மாச்சிதான் முதல் காவல்காரி.

இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டப் போறோம். ராத்திரி பாட்டில் கிடையாது. பால்கோவா உண்டு, சாப்பாட்டோட சேர்த்து, அப்புறம் வாய் கொப்புளிச்சுட்டு. போன மாசம் தெருவுல ஒரு குட்டிப் பையன் பல் வலிக்குதுன்னு அழுதுட்டு இருந்தான். எங்க பாப்பா அவன்கிட்ட போய் வாயை ஆன்னு திறந்து தன் எவர்சில்வர் பல்லைக் காட்டிட்டு விவரமாச் சொன்னா: "மருந்து கசக்கும். ஆனா கொஞ்சம்தான்."